ஆபீஸ் வைஃபை மட்டும் ஒட்ட மாட்டேன் என்கிறது: லேப்டாப்பை மாற்ற வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. 2015-இல் வாங்கிய சொந்த லேப்டாப், விண்டோஸ் 10 ஓடுகிறது. வீட்டு வைஃபையில் ஒழுங்காக வேலை செய்கிறது, போன் ஹாட்ஸ்பாட்டிலும் தகராறு இல்லை. போன மாதம் ஆபீஸில் பழைய வைஃபை பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் புதியவை மாட்டினார்கள். நெட்வொர்க் பெயர் மட்டும் பழையதேதான். அன்றிலிருந்து, பெயர் திரையில் தெரிகிறது, அமுக்கினால் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்கிறது, கொடுத்தால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ‘இந்த நெட்வொர்க்குடன் இணைக்க முடியவில்லை’ என்று முடித்துக்கொள்கிறது. அதே யூசர்நேமில் உங்கள் போன் இணைகிறது. ஐடி ஆள் வந்து பார்த்துவிட்டு, லேப்டாப் கம்பாட்டிபிள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புது லேப்டாப் வாங்கத்தான் வேண்டுமா?

வாங்குவதா வேண்டாமா என்பது கடைசியில் வரும் கேள்வி. அதற்கு முன்னால், ‘கம்பாட்டிபிள் இல்லை’ என்றால் என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டும். பதினேழு வருடமாக அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக்கொடுப்பதுதான் எனக்குப் பிழைப்பு. அந்தச் சொல்லை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன், பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில். அதற்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கும். லேப்டாப்பின் வைஃபை கார்டுக்கு அந்த அலைவரிசை கேட்கவே இல்லை என்பது ஒன்று. கேட்கிறது, ஆனால் அந்தப் பெட்டி கேட்கும் பாதுகாப்பு முறையை இதனால் பேச முடியவில்லை என்பது இன்னொன்று. எல்லாம் சரிதான், ஆனால் வெளி லேப்டாப்பை உள்ளே விடக்கூடாது என்று மேலிடம் சொல்லியிருக்கிறது என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் மருந்து உண்டு. மூன்றாவதற்கு நீங்கள் எத்தனை லேப்டாப் வாங்கினாலும் பலன் இல்லை. உங்களுடையது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலாவதைச் சீக்கிரமே தள்ளிவிடலாம். பெயர் திரையில் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி பாதிச் சந்தேகத்தை அடித்துவிடுகிறது. பெயர் தெரியாமல் போயிருந்தால் கதை வேறு. அந்தக் காலத்தில் விலை குறைந்த லேப்டாப்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கேட்கும் ஒற்றை அலை கார்டுகளைப் போட்டு விற்றார்கள். ரியல்டெக் 8723 வரிசையிலும் பிராட்காம் 43142-இலும் அப்படிப்பட்டவை ஏராளம். ஆபீஸில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு 2.4-ஐ அணைத்துவிட்டால் இந்த லேப்டாப்களுக்கு அந்த நெட்வொர்க் உலகத்திலேயே இல்லை. கோயம்புத்தூரில் ஒரு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்தான் 2.4-ஐ அணைத்தேன். திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் பதினோரு பேர் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். இதற்கு ஒரு தம்பி வியாதியும் உண்டு: வைஃபை 6 என்ற புதுத் தலைமுறைப் பெட்டி மாட்டினால், பழைய டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) இருக்கும் சில இன்டெல் கார்டுகளுக்கு, 7260, 7265, 3165 போன்றவற்றுக்கு, அந்தப் பெயர் பட்டியலிலேயே வராது. கார்டில் குறை இல்லை, டிரைவரைப் புதுப்பித்தால் தீரும். உங்களுக்குப் பெயர் வருவதால் இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

வீட்டில் வருகிறதே, ஹாட்ஸ்பாட்டில் வருகிறதே என்பதை நீங்கள் பெரிய சாட்சியாக வைத்திருக்கிறீர்கள். கார்டு செத்துப்போகவில்லை என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். வீட்டு வைஃபை என்பது ஒரே சாவி உள்ள வீடு. பாஸ்வேர்டு தெரிந்த எல்லோருக்கும் கதவு திறக்கும். ஆபீஸில் யூசர்நேம் கேட்கிறது என்றால் அது 802.1எக்ஸ் என்ற வேறு ஏற்பாடு. சீலிங்கில் மாட்டியிருக்கும் பெட்டி அங்கே வெறும் வாட்ச்மேன். யாரை விடுவது என்று அவர் முடிவு செய்வதில்லை. இன்டர்காமில் உள்ளே கேட்டுச் சொல்வார். உள்ளே உட்கார்ந்திருப்பது ரேடியஸ் சர்வர். அது உங்கள் பாஸ்வேர்டைச் சோதிப்பதற்கு முன்னால் தன் அடையாள அட்டையை, அதாவது சர்ட்டிபிகேட்டை, உங்கள் லேப்டாப்புக்குக் காட்டும். லேப்டாப் அதை நம்பினால்தான் பாஸ்வேர்டுப் பேச்சே தொடங்கும். வீட்டில் இந்தப் படிகள் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே வீட்டில் நன்றாக ஓடும் லேப்டாப் ஆபீஸில் மட்டும் விழுவது அதிசயமே இல்லை.

இனி உங்கள் விஷயம். பெயர் பழையதேதான் என்றீர்களே, என் முதல் சந்தேகம் அங்கேதான். விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கோடு முதல் தடவை இணையும்போது பெயரை மட்டும் குறித்துக்கொள்வதில்லை. என்ன பாதுகாப்பு முறை, எந்தச் சர்ட்டிபிகேட்டை நம்பலாம் என்பதையும் சேர்த்து ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளும். பெட்டியும் சர்வரும் மாறி, பெயர் மட்டும் அப்படியே இருந்தால், லேப்டாப் பழைய குறிப்பை வைத்துக்கொண்டு புது ஆளிடம் பழைய கணக்குப் பேசும். போன் இணைந்ததற்குக் காரணம், நீங்கள் அதில் புதிதாக விவரம் கொடுத்திருக்கலாம். எனவே செட்டிங்ஸில் வைஃபை பகுதிக்குப் போய், ‘மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்’ பட்டியலில் ஆபீஸ் பெயரைத் தேடி ‘ஃபர்கெட்’ கொடுங்கள். லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து இணையுங்கள். பெட்டி மாற்றிய அலுவலகங்களில் எனக்கு வரும் புகார்களில் நிறைய இந்த ஒரு படியிலேயே முடிந்துவிடும். செய்து பார்த்துவிட்டேன் என்று நீங்கள் சொல்லக்கூடும். எழுதவில்லை என்பதால் சொல்லி வைத்தேன்.

இப்படிப் புதிதாக இணையும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். யூசர்நேம் கொடுத்த பிறகு விண்டோஸ், ‘இந்த இடத்தில் இந்த நெட்வொர்க்கை எதிர்பார்த்தீர்கள் என்றால் தொடருங்கள்’ என்ற மாதிரி ஒரு கேள்வி கேட்டு, சர்ட்டிபிகேட் விவரத்தைக் காட்டவா என்று ஒரு வரி போடும். இந்தக் கேள்வி வந்துவிட்டால் ஒன்று நிச்சயம்: ரேடியோ பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது, ரேடியஸ் சர்வர் வரைக்கும் போய் அதன் சர்ட்டிபிகேட்டும் உங்கள் கைக்கு வந்துவிட்டது. கார்டு பழசு என்ற வாதம் அந்த இடத்தில் செத்தது. பிறகு விழுந்தால் குற்றம் பாஸ்வேர்டிலோ சர்ட்டிபிகேட்டிலோ அனுமதியிலோதான். கேள்வியே வராமல் விழுந்தால், நான் இன்னும் கார்டையும் டிரைவரையும் சந்தேகப் பட்டியலில் வைத்திருப்பேன்.

கார்டு எதைப் பேசும், ஆபீஸ் எதைக் கேட்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. விண்டோஸிடமே கேட்கலாம். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ‘நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்’ (netsh wlan show drivers) என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். வரும் நீண்ட பட்டியலில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். ‘ரேடியோ டைப்ஸ் சப்போர்ட்டட்’ என்ற வரியில் 802.11 பி, ஜி, என் மட்டும் இருந்து ஏ, ஏசி இல்லையென்றால் அது ஒற்றை அலை கார்டு. ‘802.11டபிள்யூ’ என்று தொடங்கும் வரியில் எஸ் அல்லது நோ என்று இருக்கும். அதற்குக் கீழே, கார்டும் டிரைவரும் பேசும் பாதுகாப்பு முறைகள் ஜோடி ஜோடியாக வரும்: டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ், சிசிஎம்பி என்கிற மாதிரி. அடுத்து, ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு ‘நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ நெட்வொர்க்ஸ் மோட்=பிஎஸ்எஸ்ஐடி’ (netsh wlan show networks mode=bssid) என்று அடித்தால், சுற்றியுள்ள ஒவ்வொரு நெட்வொர்க்கும் எந்த முறையைக் கேட்கிறது, எந்தச் சேனலில் நிற்கிறது என்று வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆபீஸ் கேட்கும் முறை உங்கள் கார்டின் பட்டியலில் இல்லை என்றால் ஐடி ஆள் சொன்னது உண்மை. இருந்து, 802.11டபிள்யூ வரியிலும் எஸ் என்று வந்தால், அவர் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அந்த 802.11டபிள்யூ வரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் 2015 லேப்டாப், புதுப் பெட்டி என்ற சேர்க்கையில் அடிக்கடி இடறுகிற கல் அது. வைஃபையில் தரவு பூட்டப்பட்டுப் போனாலும், ‘நீ வெளியே போ’, ‘இணைப்பை விடு’ என்று பெட்டி அனுப்பும் நிர்வாகச் செய்திகள் நெடுங்காலம் கையெழுத்தில்லாத துண்டுச் சீட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தன. பெல் அடித்தால் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுமே, யார் அடித்தது என்று பார்க்காமல், அந்த மாதிரி. பக்கத்துக் கட்டடத்திலிருந்து எவன் வேண்டுமானாலும் பெல் அடித்து ஒரு அலுவலகத்தின் வைஃபையைக் கலைத்துவிட முடிந்தது. அந்தச் சீட்டுகளுக்கும் கையெழுத்து வேண்டும் என்று 2009-இல் வந்த திருத்தம்தான் 802.11டபிள்யூ. ஐடி ஆட்கள் பிஎம்எஃப் என்பார்கள். டபிள்யூபிஏ2-க்கு அடுத்ததாக 2018-இல் வந்த பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-இல் இது கட்டாயம். டபிள்யூபிஏ2-இல் இது விருப்பம்தான், ஆனால் பெட்டியின் செட்டிங்கில் மூன்று நிலை உண்டு: வேண்டாம், இருந்தால் சரி, கட்டாயம். புதுப் பெட்டி மாட்டுகிறவர் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ‘கட்டாயம்’ என்பதைத் தட்டிவிட்டுப் போனால், பழைய டிரைவர் உள்ள லேப்டாப்புகள் பெயரைப் பார்க்கும், கதவைத் தட்டும், உள்ளே போக முடியாது. புதிய போன்களுக்குத் தகராறே இருக்காது. உங்கள் அறிகுறிகளோடு இது பொருந்துகிறது. அதனாலேயே இதுதான் காரணம் என்று சொல்லிவிட மாட்டேன். இதே அறிகுறியோடு பொருந்தும் வேறு சில காரணங்கள் கீழே வருகின்றன.

802.11டபிள்யூ வரியில் நோ என்று வந்தால் உடனே கார்டைத் தூக்கிப் போட வேண்டாம். பல நேரம் கார்டுக்குத் திறமை இருக்கும், டிரைவர்தான் பழசாக இருக்கும். டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பெயரைக் குறித்துக்கொண்டு, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் ஒருமுறை, சிப் செய்த கம்பெனியின் தளத்தில் ஒருமுறை தேடுங்கள். லேப்டாப் கம்பெனிக்காரர்கள் ஐந்தாறு வருடத்துக்கு மேல் பழைய மாடலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சிப் கம்பெனியிடம் அதைவிடப் புதியது கிடைக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் அப்டேட்டில் ‘டிரைவர் லேட்டஸ்ட்’ என்று வருவதை நம்பி நின்றுவிடாதீர்கள். அது தன்னிடம் இருப்பதில் லேட்டஸ்ட் என்று மட்டும்தான் சொல்கிறது. கண்ட கண்ட இடத்தில் கிடைக்கும் ‘டிரைவர் பூஸ்டர்’ வகையறாக்களைத் தொடவே வேண்டாம்.

இதே இடத்தில் இன்னொரு செட்டிங்கும் உண்டு. 802.11ஆர் என்று பெயர். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நடந்துபோகும்போது இணைப்பு அறுந்துவிடாமல் சட்டென்று தாவுவதற்கான ஏற்பாடு. சில பழைய டிரைவர்கள் இந்த அறிவிப்பைப் பார்த்ததுமே குழம்பிப்போய் இணைய மறுக்கும். டிரைவரைப் புதுப்பித்தும் தீராவிட்டால், ஐடி ஆள்தான் தன் பக்கம் பார்க்க வேண்டும்.

சரி, கார்டு சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சந்தேகம் யூசர்நேம் போகிற விதம். விண்டோஸில் ஒரு வழக்கம் இருக்கிறது: செட்டிங் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து, நீங்கள் லேப்டாப்பில் லாகின் செய்யும் பெயரையே ஆபீஸ் சர்வருக்கும் அனுப்பிவிடும். சொந்த லேப்டாப்பில் அந்தப் பெயர் ‘அட்மின்’ என்றோ உங்கள் பையன் பெயர் என்றோ இருக்கும். ரேடியஸ் சர்வர் ‘யாரப்பா நீ’ என்று திருப்பி அனுப்பிவிடும். இதைத் தடுக்க, கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டருக்குப் போய், வயர்லெஸ் நெட்வொர்க்கை ‘மேனுவலாக’ சேர்க்கும் வழியில் போங்கள். பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்து, டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ், ஏஇஎஸ் என்று தேர்ந்தெடுங்கள். சேர்த்தவுடன் ‘சேஞ்ச் கனெக்ஷன் செட்டிங்ஸ்’ என்று ஒன்று வரும். அதில் செக்யூரிட்டி பக்கம். அங்கே பீப் என்ற முறையின் செட்டிங்ஸுக்குள் போனால் அடியில் எம்எஸ்சாப் வி2-வுக்குப் பக்கத்தில் ‘கான்ஃபிகர்’ பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் ஒரே ஒரு டிக் உள்ள குட்டிப் பெட்டி திறக்கும்: விண்டோஸ் லாகின் பெயரையும் பாஸ்வேர்டையும் தானாகப் பயன்படுத்து என்று. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அப்புறம் ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’ போய், அத்தென்டிகேஷன் மோட் என்பதை ‘யூசர்’ என்று மாற்றுங்கள். இல்லையென்றால், கம்பெனி டொமைனில் சேராத உங்கள் லேப்டாப் தன் கம்ப்யூட்டர் பெயரில் உள்ளே போகப் பார்த்து மூக்கறுபடவும் இடம் உண்டு. யூசர்நேமை வெறுமனே போடுவதா, டொமைன் பெயர் முன்னால் சேர்ப்பதா, மெயில் முகவரி போலப் போடுவதா என்று ஐடி ஆளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போனில் நீங்கள் எப்படி அடித்தீர்களோ அதுவே நல்ல துப்பு.

பாஸ்வேர்டு பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. சமீபத்தில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், பழைய பாஸ்வேர்டு தங்கிவிட்ட இன்னொரு கருவி, டிராயரில் கிடக்கும் பழைய போனோ டேப்லெட்டோ, சில நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். நாலைந்து தவறான முயற்சிக்குப் பிறகு சர்வர் உங்கள் கணக்கையே பூட்டிவிடும். அப்போது சரியான பாஸ்வேர்டு போட்டாலும் லேப்டாப் தோற்கும். ஏற்கெனவே இணைந்திருக்கும் போனோ அப்படியே ஓடிக்கொண்டிருக்கலாம். போன் வேலை செய்கிறது என்பது அந்த நிமிடம் கணக்கு திறந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. போனில் வைஃபையை அணைத்துப் போட்டு மறுபடி இணைகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது சந்தேகம் சர்ட்டிபிகேட், அதைவிட முன்னால் தேதி. சிரிக்காதீர்கள். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அக்கா ஒருவர், வாரத்தில் நாலு நாள் காலையில் வைஃபை வரவில்லை என்று கூப்பிடுவார். மத்தியானத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் அவர் லேப்டாப்பைத் திறக்கும்போது பக்கத்திலேயே நின்றிருந்தேன். வலது மூலையில் தேதி 01-01-2012 என்று இருந்தது. லேப்டாப்பின் பெரிய பேட்டரி போய் ஒரு வருடம் ஆகிவிட்டிருந்தது, சார்ஜரில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கடிகாரத்தை ஓட்டும் பட்டன் பேட்டரியும் தீர்ந்துபோயிருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது சார்ஜரை உருவியதும் கடிகாரம் பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும். ஆபீஸ் சர்வர் காட்டிய சர்ட்டிபிகேட்டின் ஆரம்பத் தேதி அதற்கு எத்தனையோ வருடம் பிந்தியது. 2012-இல் வாழும் லேப்டாப்புக்கு அது இன்னும் செல்லுபடியாகாத சர்ட்டிபிகேட், நம்ப மறுத்தது. மத்தியானம் மெயில் பார்ப்பதற்காகப் போன் ஹாட்ஸ்பாட்டைப் போடுவார். அங்கே சர்ட்டிபிகேட் சோதனை கிடையாது, இணைந்துவிடும். இன்டர்நெட் வந்ததும் தேதி தானாகத் திருத்திக்கொள்ளும். அப்புறம் ஆபீஸ் வைஃபையும் வேலை செய்யும். ஒரு பட்டன் பேட்டரி, சிஆர் 2032, மாற்றினோம். அதோடு அந்தப் போன் அழைப்புகள் நின்றன. உங்களுடையதும் பழைய லேப்டாப். காலையில் ஆபீஸில் திறந்ததும் முதல் வேலையாக மூலையில் தேதியைப் பாருங்கள்.

தேதி சரியாக இருந்தும் சர்ட்டிபிகேட்டில் தட்டினால், பெரும்பாலும் உங்கள் கம்பெனி தன் சொந்த அத்தாட்சியில் சர்ட்டிபிகேட் அடித்திருக்கிறது என்று அர்த்தம். அவர்களுடைய மூலச் சர்ட்டிபிகேட்டை ஐடி ஆளிடம் வாங்கி லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். இந்த இடத்தில் யாராவது ஒருவர், ‘சர்வர் அடையாளத்தைச் சரிபார்’ என்ற டிக்கை எடுத்துவிடு, உடனே இணையும் என்பார். இணையும், உண்மைதான். செய்யாதீர்கள். சரிபார்க்காத லேப்டாப், அதே பெயரில் கீழே டீக்கடையில் உட்கார்ந்து ஒருவன் வைத்திருக்கும் போலிப் பெட்டியிடமும் உங்கள் ஆபீஸ் பாஸ்வேர்டுப் பேச்சை நடத்திவிடும். பாஸ்வேர்டைச் சோதிக்கும் எம்எஸ்சாப் வி2 முறையை உடைப்பது, டெஸ் என்ற பழைய பூட்டு முறையின் ஒரே ஒரு சாவியைக் கண்டுபிடிக்கும் வேலைதான் என்று 2012-இலேயே செய்து காட்டிவிட்டார்கள். அந்தப் பாஸ்வேர்டுதான் உங்கள் மெயிலுக்கும் சம்பளச் சீட்டுக்கும் சாவி.

விண்டோஸ் 10-ஐ வைத்துத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். இதைப் படிக்கும் யாரிடமாவது இன்னும் விண்டோஸ் 7 இருந்தால் கதை வேறு: இந்தப் பேச்சுவார்த்தையில் அது இயல்பாக டிஎல்எஸ் என்ற பூட்டு மொழியின் பழைய 1.0 பதிப்பை மட்டும்தான் பேசும். 2014-இல் வந்த ஒரு திருத்தத்தைப் போட்டு ரெஜிஸ்ட்ரியிலும் கை வைத்தால்தான் 1.2 பேசும். லினக்ஸில் நேர் எதிர். உபுண்டு என்ற லினக்ஸின் 22.04 பதிப்பு வந்தபோது, ஆபீஸ் சர்வர்தான் பழசு என்று லேப்டாப் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எங்கே விழுகிறது என்பதற்கு ஊகத்தைவிட நல்ல சாட்சி லேப்டாப்பிலேயே எழுதப்படுகிறது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்’ (netsh wlan show wlanreport) என்று அடித்தால், கடந்த மூன்று நாளின் வைஃபை வரலாறு ஒரு வலைப்பக்கமாக வந்துவிடும். சிவப்பில் இருக்கும் தோல்விகளில் காரணம் என்று ஒரு வரி இருக்கும். ‘எக்ஸ்ப்ளிசிட் ஈஏபி ஃபெயிலியர் ரிசீவ்ட்’ என்று இருந்தால், சர்வர் உங்களைப் பார்த்து, யோசித்து, முடியாது என்று சொல்லியிருக்கிறது. கார்டு நிரபராதி. ‘டிரைவர் டிஸ்கனெக்டட் வைல் அசோசியேட்டிங்’ என்று இருந்தால், வாட்ச்மேனிடமே சண்டை; டிரைவர், பிஎம்எஃப், 802.11ஆர் பக்கம் போங்கள்.

சர்வர் ஏன் முடியாது என்றது என்பது மட்டும் உங்கள் பக்கம் எழுதப்படாது. அது ரேடியஸ் சர்வரின் லாகில், அதாவது பதிவேட்டில், இருக்கிறது. இங்கேதான் என் எல்லையும் முடிகிறது: அந்த லாகைப் பார்க்காமல், பாஸ்வேர்டா, கணக்குப் பூட்டா, அனுமதிக் கொள்கையா என்று வெளியிலிருந்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதைப் பார்க்க ஐடி ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும், நீங்கள் சரியாகக் கேட்டால். ‘வைஃபை வரவில்லை’ என்று டிக்கெட் போடாதீர்கள். ‘இன்று 10.42-க்கு இந்த யூசர்நேமில் முயன்றேன், என் வைஃபை மேக் முகவரி இது, ரேடியஸ் லாகில் மறுப்புக்கு என்ன காரணம் இருக்கிறது’ என்று கேளுங்கள். மேக் முகவரி, அதாவது வைஃபை கார்டின் அடையாள எண், ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளைக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் ‘ஆல்’ என்பதும் சேர்த்து (ipconfig /all) அடித்தால் வரும். முன்னதாக வைஃபை செட்டிங்ஸில் ‘ராண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் எண் ஒன்று, லாகில் இருப்பது இன்னொன்று ஆகிவிடும். இப்படிக் கேட்கிறவரிடம் கம்பாட்டிபிள் இல்லை என்று சொல்லி எந்த ஐடி ஆளும் நழுவ மாட்டார். நான் நழுவியதில்லை.

அந்த லாகில் இப்படியும் பதில் வரலாம்: சொந்த லேப்டாப்களுக்கு அனுமதி இல்லை. கம்பெனி கொடுத்த கருவிக்குள் மட்டும் சர்ட்டிபிகேட் ஏற்றி, அது இருந்தால்தான் கதவு திறக்கும் என்ற ஏற்பாடு இப்போது நிறைய இடங்களில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதைக் காரணம் காட்டித் தடுக்கிற அலுவலகங்களும் உண்டு. அப்படியென்றால் இது தொழில்நுட்பப் பிரச்சினையே இல்லை. ‘கெஸ்ட்’ வைஃபை கொடுங்கள் என்றோ, ஆபீஸ் லேப்டாப் கொடுங்கள் என்றோ உங்கள் மேலாளரிடம் கேட்பதுதான் வழி. பிஎம்எஃப்-ஐ ‘கட்டாயம்’ என்பதிலிருந்து ‘இருந்தால் சரி’ என்பதற்கு இறக்கச் சொல்லி ஐடி ஆளைக் கேட்பது நியாயமான வேண்டுகோள்தான். ஆனால் டபிள்யூபிஏ3 மட்டும் ஓடும் இடத்தில் அதற்கு வழியே இல்லை. ஒரு லேப்டாப்புக்காக நாற்பது பேர் இருக்கும் நெட்வொர்க்கின் பூட்டைத் தளர்த்த மாட்டேன் என்று அவர் சொன்னால், நான் அவர் பக்கம்தான்.

இப்போது வாங்குவது. கார்டுதான் குற்றவாளி என்று மேலே சொன்ன கட்டளைகள் காட்டினாலும், லேப்டாப்பை மாற்ற வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது. சுலபமானது யுஎஸ்பி டாங்கிள். 150 எம்பிபிஎஸ் என்று போட்ட நகக்கண் அளவு டாங்கிள் எந்தக் கடையிலும் முதலில் கைக்கு வரும். அது 2.4 மட்டும்தான், வாங்காதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸ், டபிள்யூபிஏ3 இரண்டும் அட்டைப் பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது வழி, உள்ளே இருக்கும் கார்டையே மாற்றுவது. சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் பத்து நிமிடத்தில் மாற்றித் தருவார்கள், ஆனால் கடைக்குப் போகும் முன் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் லேப்டாப் காலத்தில் மினி பிசிஐஇ, எம்.2 என்று இரண்டு வகைச் செருகுதளமும் இருந்தன, ஒன்றின் கார்டு இன்னொன்றில் உட்காராது. சில கம்பெனிகள் பயாஸில், அதாவது லேப்டாப் துவங்கும்போது முதலில் ஓடும் மென்பொருளில், அனுமதிப் பட்டியல் வைத்து, தாங்கள் போடாத கார்டைப் பார்த்தால் லேப்டாப்பையே துவங்க விடாது. உங்கள் மாடலுக்கு அந்தத் தொல்லை உண்டா என்று தேடிப் பாருங்கள். இன்டெல் கார்டு என்றால் ஏஎக்ஸ் 200 அல்லது 210 கேளுங்கள், 201-உம் 211-உம் வேண்டாம். பின்னவை இரண்டும் அவற்றுக்கென்றே அமைத்த புதிய இன்டெல் போர்டுகளில்தான் ஓடும், உங்கள் லேப்டாப்பில் செத்த தகடு. பெயரில் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், கடைக்காரருக்கும் மாறிவிடும்.

வாங்குவதற்கு முன்னால், ஷோ டிரைவர்ஸ் பட்டியலில் அந்த 802.11டபிள்யூ வரியையும், ரிப்போர்ட்டில் சிவப்பில் இருக்கும் காரண வரியையும் மட்டும் இங்கே எழுதுங்கள். மேக் முகவரி, ஆபீஸ் நெட்வொர்க் பெயர், யூசர்நேம் எதையும் போட வேண்டாம். அந்த இரண்டு வரி தெரிந்தால் மேலே சொன்னதில் முக்கால்வாசியை அடித்துவிட்டு மிச்சத்தைப் பேசலாம்.